எழுதக் கற்ற இளவரசி: ஒரே தந்தையின் பிள்ளைகள், வெவ்வேறு கல்வி

ஓமானின் வட கரையில் உள்ள சோஹார் நகரை, வளைகுடாவில் பணியாற்றும் தமிழர்களில் பலர் அதன் துறைமுகத்தையும் உலோக ஆலைகளையும் கொண்டே அறிவார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்நகரம் ஓர் அரச குடும்பத்தின் உட்பகைகள் வெடித்த இடங்களில் ஒன்றாக இருந்தது. 1866 பிப்ரவரியில் மஸ்கட்டின் சுல்தான் துவைனி பின் சயீத் சோஹாரில் தன் சொந்த மகனாலேயே கொல்லப்பட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில், துவைனியின் தங்கை ஒருவர் இரவோடு இரவாக பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் ஏறி நாட்டை விட்டு வெளியேறினார். துவைனிக்கும் அவருக்கும் தந்தை ஒருவரே, தாய்மார் வேறு. 22 வயதை எட்டவிருந்த அந்த இளவரசியின் பெயர் சையிதா சல்மா. பிற்காலத்தில் எமிலி ரூட்டே என்ற பெயரில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள், அரபுப் பெண் ஒருவர் எழுதி அச்சில் வெளிவந்த முதல் தன்வரலாறு என்று கருதப்படுகின்றன.

எழுதுவதற்கு அவருக்கு எவரும் முறையாகக் கற்றுத்தரவில்லை. அவரது குடும்பத்தில் ஆண் பிள்ளைகளுக்கு வாசிப்பும் எழுத்தும் கற்பிக்கப்பட்டன; பெண் பிள்ளைகளுக்கு வாசிப்போடு கல்வி முடிந்தது.

ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் கல்வியில் ஏன் வெவ்வேறு நிலைகளை எட்டுகிறார்கள், அதில் பிறப்பிலேயே வரும் மரபணுவின் பங்கு எவ்வளவு, உடன்பிறந்தவர்களின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி இன்று மரபியல் ஆய்வாளர்களையும் சமூகவியல் ஆய்வாளர்களையும் ஒருசேர ஈர்த்துள்ளது. சல்மாவின் வாழ்க்கை அந்தக் கேள்விக்குப் புள்ளிவிவர விடை எதையும் தராது. ஆனால் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

சோஹாரில் தொடங்கிய வம்சம்

சல்மாவின் கொள்ளுப்பாட்டனார் அஹ்மத் பின் சயீத், 1740களில் சோஹாரின் ஆளுநராக இருந்தவர். பாரசீகப் படைகள் அந்நகரைப் பல மாதங்கள் முற்றுகையிட்டபோது அவர் தாக்குப்பிடித்தார். அந்த வெற்றியே அவரை நாட்டின் தலைமைக்கு உயர்த்தியது. இன்றும் ஓமானை ஆளும் அல் பூசயீத் வம்சம் அவரிடமிருந்து தொடங்குகிறது.

அஹ்மதின் மகள் மூஸா, 1804இல் தன் சகோதரர் சுல்தான் பின் அஹ்மத் கொல்லப்பட்டபோது, வயது வராத அவரது வாரிசுகளுக்காக ஆட்சிப் பொறுப்பைத் தாங்கியவர். அந்த வாரிசுகளில் ஒருவரே சல்மாவின் தந்தை சயீத் பின் சுல்தான். மூஸா ஆண் உடையில் இரவில் காவல் அரண்களைச் சுற்றிப் பார்த்த கதைகளை சல்மா தன் நூலில் பெருமையோடு விவரிக்கிறார்.

திறமை அந்தக் குடும்பத்தின் இரத்தத்தில் இருந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடுவது எளிது. அரச குடும்பங்களைப் பற்றி அப்படிப் பேசுவதே உலக வழக்கம். ஆனால் மூஸாவுக்கு ஆட்சியில் இடம் கிடைத்தது, ஆண் வாரிசுகள் சிறுவர்களாக இருந்த ஒரு நெருக்கடியில் மட்டுமே. அந்த நெருக்கடி வராதிருந்தால் அவரது திறமை எவருக்கும் தெரியாமலே போயிருக்கக்கூடும்.

சயீத் பின் சுல்தான் தன் ஆட்சியின் மையத்தை 1840 வாக்கில் மஸ்கட்டிலிருந்து சான்சிபாருக்கு மாற்றினார். அத்தீவின் செல்வம் கிராம்புத் தோட்டங்களிலிருந்தும், அத்தோட்டங்களில் உழைத்த அடிமைகளிடமிருந்தும், ஆப்பிரிக்க உள்நாட்டிலிருந்து வந்த தந்தத்திலிருந்தும் அடிமை வணிகத்திலிருந்தும் பெருகியது. ஓமானில் அவர் சார்பில் மகன்கள் ஆண்டனர்: மஸ்கட்டில் துவைனி, சோஹாரில் துர்க்கி.

ஒரே கூரை, பல தாய்மார்

சல்மா 1844 ஆகஸ்ட் 30ஆம் திகதி சான்சிபாரின் முத்தோனி அரண்மனையில் பிறந்தார். தந்தை இறந்த காலத்தில் 36 பிள்ளைகள் உயிரோடு இருந்ததாக அவர் எழுதுகிறார். அவர்களின் தாய்மார் பல நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண்கள். சல்மாவின் தாய் ஜில்ஃபிதான், காக்கேசிய மலைப்பகுதியின் சர்க்காசிய இனத்தவர். போரில் பெற்றோரை இழந்து, சிறு குழந்தையாக விற்கப்பட்டு அரண்மனைக்கு வந்தவர்.

இந்தத் தாயின் கதையில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. சுல்தான் அந்தச் சிறுமியைத் தன் வயதொத்த இரு மகள்களோடு சேர்த்து வளர்க்கச் செய்தார். அந்த இரு சிறுமிகளோடு வளர்ந்ததன் பயனாக ஜில்ஃபிதான் வாசிக்கக் கற்றுக்கொண்டார். அரண்மனையில் அவரது நிலையில் இருந்த பெண்களில் பெரும்பாலோருக்குக் கிட்டாத ஆற்றல் அது. அவர்களுக்கும் அவருக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. உடன்பிறந்தவர்களைப் போல ஒன்றாக வளர்ந்தது மட்டுமே அந்தக் கல்விக்குக் காரணம்.

ஜில்ஃபிதானுக்குப் பிறந்த மற்றொரு பெண் குழந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டது. எனவே சல்மாவோடு வளர்ந்த சகோதர சகோதரிகள் அனைவரும் தந்தை வழியில் மட்டுமே உறவினர். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள், மனிதருக்கு மனிதர் வேறுபடும் மரபணுக் கூறுகளில் சராசரியாகப் பாதியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தந்தை மட்டும் பொதுவாக இருப்பவர்களிடம் அது கால் பங்காகக் குறைகிறது. ஆனால் முத்தோனியில் யார் எழுதலாம், யார் எழுதக்கூடாது என்பதை இந்தக் கணக்கு தீர்மானிக்கவில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்பதே தீர்மானித்தது.

ஒட்டகத்தின் தோள் எலும்பு

அரண்மனைப் பள்ளியில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து குர்ஆனை வாசிக்கப் பழகினார்கள். வாசிப்பு கைவந்த பின்னர் ஆண் பிள்ளைகள் எழுத்துக்குச் சென்றனர். பெண்கள் அங்கேயே நின்றனர். எழுதத் தெரிந்த பெண் தகாத தொடர்புகளை வளர்த்துக்கொள்வாள் என்ற அச்சம் அன்று பல சமூகங்களில் இருந்தது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் அதே காலத்தில் பெண் கல்விக்கு எதிராக இதே வாதம் முன்வைக்கப்பட்டது.

சல்மாவுக்கு ஏறத்தாழ ஏழு வயதானபோது, அவரும் தாயும் அண்ணன் மாஜித்தின் நகர மாளிகைக்குக் குடிபெயர்ந்தனர். தாயை இழந்திருந்த மாஜித்தை ஜில்ஃபிதான் தன் மகனைப் போலவே கவனித்துக்கொண்டார். மாஜித் தங்கைக்கு வாள்வீச்சும் துப்பாக்கி சுடுதலும் கற்றுக்கொடுத்தார். பெரிய அரண்மனையின் கண்காணிப்பு அந்த வீட்டில் இல்லை.

அந்த வீட்டில்தான் சல்மா இரகசியமாக எழுதத் தொடங்கினார். அக்காலத்து மாணவர்கள் எழுதிப் பழகுவதற்கு வெளுக்கப்பட்ட ஒட்டகத் தோள் எலும்பைப் பலகையாகப் பயன்படுத்தினர். அவரும் அத்தகைய எலும்பு ஒன்றை எடுத்து, குர்ஆனைத் திறந்து வைத்து, அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். ஓரளவு கைவந்த பின்னர், எழுத்தறிவு பெற்ற அடிமை ஒருவரிடம் கையெழுத்தைத் திருத்திக்கொண்டார். செய்தி வெளியானபோது கடுமையான கண்டனம் எழுந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

இந்த நிகழ்வில் பல காரணங்கள் ஒன்றுகூடுகின்றன. சிறுமியின் பிடிவாதமும் ஆற்றலும் அவருக்கே உரியவை; அவற்றில் பிறப்பு வழி வந்த பங்கும் இருக்கலாம். ஆனால் வாசிக்கத் தெரிந்த தாய் ஒருவர் இருந்தார். கட்டுப்பாடு தளர்ந்த அண்ணனின் வீடு இருந்தது. எழுத்தை எப்படிப் பழகுவது என்பதைத் தன்னோடு பாயில் அமர்ந்திருந்த சகோதரர்களைப் பார்த்தே அவர் அறிந்திருக்க முடியும். கையெழுத்தைத் திருத்தியவர் விலைக்கு வாங்கப்பட்ட ஒரு மனிதர். அவரது பெயர்கூட வரலாற்றில் பதிவாகவில்லை.

எழுத்துக்கு வந்த விலை

1856 அக்டோபரில் சுல்தான் சயீத், ஓமானிலிருந்து சான்சிபாருக்குத் திரும்பும் வழியில் கப்பலிலேயே காலமானார். பேரரசு பிளவுபட்டது. சான்சிபாரை மாஜித் எடுத்துக்கொண்டார். மஸ்கட்டைத் துவைனி வைத்துக்கொண்டார். சோஹாரில் இருந்த துர்க்கி துவைனியோடு முரண்பட்டார். 1861இல் பிரிட்டிஷ் இந்தியாவின் தலையீட்டில், சான்சிபாரும் மஸ்கட்டும் முறைப்படி தனித்தனி அரசுகளாயின.

சான்சிபாரிலேயே மற்றோர் அண்ணனான பர்காஷ், மாஜித்தை அகற்றத் திட்டமிட்டார். 1859இல் சல்மாவின் தாய் காலராவில் இறந்தார். தனித்துவிடப்பட்ட 15 வயதுப் பெண்ணை, அவர் பெரிதும் நேசித்த அக்கா ஹவ்லா பர்காஷின் அணிக்கு அழைத்துச் சென்றார். அந்தச் சதிக் குழுவில் வயதில் மிகவும் இளையவர் சல்மா. இருந்தும் குழுவின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. எழுதத் தெரிந்திருந்ததே அதற்குக் காரணம். தலைவர்களுக்குச் சென்ற கடிதங்களும், துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்குமான கோரிக்கைகளும் அவர் கையால் எழுதப்பட்டன.

கிளர்ச்சி பிரிட்டிஷ் உதவியோடு முறியடிக்கப்பட்டது. பர்காஷ் பம்பாய்க்கு நாடுகடத்தப்பட்டார். தன்னைச் சிறுவயதில் வளர்த்த மாஜித்துக்கு எதிராகத் தன் எழுத்தைப் பயன்படுத்தியதை நினைத்து சல்மா பின்னாளில் வருந்தினார். பின்னர் மாஜித்தோடு அவர் சமரசமானார். அந்தச் சமரசத்தை ஹவ்லாவும், இரண்டு ஆண்டுகளில் பம்பாயிலிருந்து திரும்பிய பர்காஷும் மன்னிக்கவில்லை.

ஒருவரின் கல்வி மற்ற உடன்பிறந்தவர்களுக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு இது ஓர் அசாதாரண எடுத்துக்காட்டு. எந்த எழுத்தை அவர் கற்றதற்காகக் குடும்பம் கண்டித்ததோ, அதே எழுத்தைக் குடும்பத்தின் ஒரு பகுதி தன் தேவைக்குப் பயன்படுத்தியது. தேவை முடிந்ததும் அவரைத் தனிமைப்படுத்தியது.

ஹாம்பர்க்கில் ஒரு விதவை

தனிமையில் இருந்த சல்மாவுக்கு, அடுத்த வீட்டில் குடியிருந்த ஜெர்மன் வணிகர் ருடோல்ஃப் ஹைன்ரிஷ் ரூட்டேயோடு பழக்கம் ஏற்பட்டது. அவர் கருவுற்றார். அக்காலச் சூழலில் அது உயிருக்கே ஆபத்தான நிலை. 1866 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் கப்பலில் ஏடனுக்குத் தப்பிச் சென்றார். 1867 மே மாதம் அங்கு கிறிஸ்தவராகி, எமிலி என்ற பெயரோடு ரூட்டேயை மணந்தார். ஏடனில் பிறந்த முதல் குழந்தை ஐரோப்பா செல்லும் வழியில் இறந்தது. ஹாம்பர்க்கில் மேலும் மூன்று குழந்தைகள் பிறந்தன.

1870இல் குதிரைகள் இழுத்த டிராம் வண்டி விபத்தில் கணவர் இறந்தார். 26 வயதுகூட நிறையாத எமிலி, மூன்று சிறு குழந்தைகளோடு, முழுமையாகப் பழகாத மொழியின் நடுவே விதவையானார். கணவர் விட்டுச் சென்ற செல்வம் சில ஆண்டுகளில் கரைந்தது. மதம் மாறியதைக் காரணம் காட்டி, சான்சிபாரில் அவருக்கு உரிய வாரிசுப் பங்கு மறுக்கப்பட்டது. அரபு மொழிப் பாடம் சொல்லிக்கொடுத்து வருவாய் தேடினார். இளமையில் மறுக்கப்பட்ட எழுத்து இப்போது குடும்பத்தின் உணவுக்கு வழி தேடியது.

அதே 1870ஆம் ஆண்டில் மாஜித் இறந்து, பர்காஷ் சான்சிபாரின் சுல்தானானார். பம்பாயில் கழித்த ஆண்டுகள் அவரது பார்வையை விரிவாக்கியிருந்தன. நகருக்குக் குழாய் நீர் கொண்டுவந்தார், அச்சகம் நிறுவினார். 1873இல் பிரிட்டிஷ் அழுத்தத்தின் கீழ் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். தனக்குக் கடிதம் எழுதித்தந்த தங்கையை மட்டும் அவர் ஏற்கவில்லை.

லண்டனில் வைக்கப்பட்ட பேரம்

1875இல் பர்காஷ் அரசு விருந்தினராக லண்டன் வந்தார். அண்ணனை நேரில் சந்தித்து மன்னிப்புக் கோரும் நோக்கத்தோடு எமிலியும் லண்டன் சென்றார். சான்சிபார் உடன்படிக்கையை முன்னின்று பேசிய சர் பார்ட்டில் ஃபிரேர் அவரைச் சந்தித்தார். சுல்தானின் பயணத்தில் சங்கடம் ஏற்படுவதை பிரிட்டிஷ் தரப்பு விரும்பவில்லை. அண்ணனோடு சமரசமா, பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு உத்தரவாதமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி தன்னிடம் கேட்கப்பட்டதாக எமிலி பதிவு செய்கிறார்.

அவர் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். பர்காஷை அணுகாமல் விலகி நின்றார். சுல்தான் லண்டனை விட்டுச் சென்ற பின்னர், அந்த வாக்குறுதி நிறைவேற்றப்படவில்லை என்றும், ஜெர்மன் குடியுரிமை பெற்றவர் என்பதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று பிரிட்டிஷ் தரப்பு கைவிரித்ததாகவும் அவரது நூல் கூறுகிறது.

பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் ஜெர்மனியின் முறை வந்தது. 1885இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் தேடிய பிஸ்மார்க்கின் அரசு, எமிலியையும் அவரது பிள்ளைகளையும் கடற்படையின் துணையோடு சான்சிபாருக்கு அழைத்துச் சென்றது. சுல்தானை அழுத்துவதற்கு அவர் ஒரு கருவியானார். ஜெர்மனியின் நோக்கம் நிறைவேறியதும் அவரது கோரிக்கை பின்தள்ளப்பட்டது. பர்காஷ் தங்கையைப் பார்க்க மறுத்தார். 1888இல் பர்காஷ் இறந்த பின்னரும் எமிலி ஒருமுறை முயன்றார். பயன் இல்லை. அதன்பின் அவர் ஜெர்மனிக்குத் திரும்பாமல், 1914 வரை பெரும்பாலும் பெய்ரூட்டில் வாழ்ந்தார்.

1886இல் பெர்லினில் வெளிவந்த அவரது நினைவுக் குறிப்புகள் இந்தப் பின்னணியில் எழுந்தவை. ஐரோப்பியர்கள் அரபுப் பெண்களைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணங்களை அவர் அதில் மறுத்தார். அதே நூலில் அடிமை முறையை நியாயப்படுத்தியும் எழுதினார். ஹாம்பர்க்கில் ஒரு சதுக்கத்துக்கு அண்மை ஆண்டுகளில் அவரது பெயர் சூட்டப்பட்டு, பின்னர் இந்தக் கருத்துகளைக் காரணம் காட்டி நீக்கப்பட்டது. எழுத்தறிவு பெற்ற ஓர் அடிமையின் உதவியோடு கையெழுத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டவர், அந்த மனிதரின் விடுதலை பற்றி அதே எழுத்தில் வாதாடவில்லை என்பது அவரது வாழ்க்கையின் தீராத முரண்பாடு.

அடுத்த தலைமுறை

எமிலியின் மூன்று பிள்ளைகளும் கல்வி பெற்றனர். மூத்த மகள் அந்தோனி, பசிபிக் தீவுகளில் ஜெர்மன் அதிகாரியாக இருந்தவரை மணந்து, வெப்ப நாடுகளுக்கான சமையல் நூல் ஒன்றை எழுதினார். மகன் ருடோல்ஃப் ஜெர்மன் இராணுவ அதிகாரியாக இருந்து, பின்னர் எகிப்தில் ரயில்வே நிர்வாகத்திலும் வங்கித் துறையிலும் பணியாற்றினார். தன் தாய்வழிப் பாட்டனார் சயீத் பின் சுல்தானின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1929இல் வெளியிட்டார். குடும்பத்தின் நூல்களும் ஆவணங்களும் இன்று நெதர்லாந்தின் லைடன் நகரில் பாதுகாக்கப்படுகின்றன.

தாய் எழுதினார், பிள்ளைகளில் இருவர் எழுதினர். இது மரபணுவா, வளர்ப்பா? ஒரு குடும்பத்தை மட்டும் வைத்து எவராலும் விடை சொல்ல முடியாது. ஏனெனில் பெற்றோர் பிள்ளைகளுக்கு மரபணுவையும் தருகிறார்கள்; வீட்டுச் சூழலையும் தருகிறார்கள். இரண்டும் ஒரே கையிலிருந்து வருகின்றன.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அண்மைக்கால ஆய்வுகள் இந்த முடிச்சைப் பிரிக்க முயன்றுள்ளன. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 30 லட்சம் பேரின் மரபணுத் தகவல்களைப் பரிசீலித்து, பள்ளியில் கழித்த ஆண்டுகளோடு தொடர்புடைய ஏறத்தாழ 4,000 இடங்களை அடையாளம் கண்டது. அவை ஒவ்வொன்றின் தாக்கமும் மிக நுண்ணியது. அவை உட்பட மரபணு முழுவதிலுமுள்ள நுண்ணிய தாக்கங்களைக் கூட்டிக் கணக்கிட்டாலும், மனிதர்களிடையே கல்வியில் காணப்படும் வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காட்டை மட்டுமே முன்கணிக்க முடிந்தது.

அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, ஒரே குடும்பத்தில் பிறந்த சகோதர சகோதரிகளை மட்டும் ஒப்பிட்டது. அப்போது கல்வி மீதான மரபணுத் தாக்கத்தின் மதிப்பீடு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மரபணுவின் நேரடித் தாக்கமாகத் தோன்றியதில் ஒரு பெரும் பகுதி, குடும்பச் சூழல் உள்ளிட்ட வேறு காரணங்களிலிருந்து வந்தது என்பது இதன் பொருள்.

ஐஸ்லாந்தில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பான முடிவைத் தந்தது. பெற்றோரிடம் இருந்தும் பிள்ளைக்குக் கடத்தப்படாத மரபணுக் கூறுகள்கூட அந்தப் பிள்ளையின் கல்வியில் தடம் பதித்திருந்தன. கடத்தப்பட்ட கூறுகளின் தாக்கத்தில் அது சுமார் 30 விழுக்காடு. பெற்றோரின் இயல்பு வீட்டின் சூழலாக மாறி, அதன் வழியே பிள்ளையை அடைகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அண்ணன், அக்காவின் இயல்பும் இதே வழியில் தம்பி தங்கையரை அடைய முடியும். ஆனால் அதன் அளவு பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

இவற்றை விடப் பழைய ஆய்வு ஒன்று சல்மாவின் கதைக்கு மிக நெருக்கமானது. நோர்வேயின் இரட்டையர்களைப் பற்றி 1985இல் வெளியான அந்த ஆய்வு, கல்வி வாய்ப்புகள் விரிவடைந்த தலைமுறையில் என்ன மாறியது என்று ஆராய்ந்தது. 1940க்குப் பின் பிறந்த ஆண்களிடையே கல்வி வேறுபாடுகளில் மரபணுவின் பங்கு உயர்ந்திருந்தது. குடும்பப் பின்னணியின் பங்கு குறைந்திருந்தது. பெண்களிடையே அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. மரபணுவின் பங்கு என்பது இயற்கை விதித்த நிலையான எண் அல்ல. யாருக்கு எந்த வாய்ப்பு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

இந்த ஆய்வுகளுக்கு இரு வரம்புகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரைப் பற்றியவை. அவற்றின் எண்களை அரபுகளுக்கோ தமிழர்களுக்கோ அப்படியே பொருத்த முடியாது. அடுத்து, அவை கல்வியைப் பள்ளி ஆண்டுகளால் அளக்கின்றன. அந்த அளவுகோலில் சல்மாவும் அவரோடு பாயில் அமர்ந்து படித்த சகோதரிகளும் சமமானவர்கள். எலும்பில் எழுதிப் பழகிய நாட்கள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

மீண்டும் சோஹார்

சோஹாரில் ஆளுநராக இருந்த துர்க்கி, அரசியல் பூசல்களிலும் நாடுகடத்தலிலும் தப்பி, 1871இல் மஸ்கட்டின் சுல்தானானார். அவரது எள்ளுப்பேரனே 1970 ஜூலையில் ஆட்சியைக் கைப்பற்றிய சுல்தான் காபூஸ். அந்த ஆண்டில் ஓமான் முழுவதிலும் மூன்று அரசுப் பள்ளிகளே இருந்தன. அவற்றில் படித்தவர்கள் சுமார் 900 பேர். அனைவரும் ஆண் பிள்ளைகள். சல்மா இரகசியமாக எழுதிப் பழகி ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது.

அதன்பின் பெண்களுக்கான பள்ளிகள் விரைவாகத் திறக்கப்பட்டன. 1986இல் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது. 2001இல் சோஹாரிலும் ஒரு பல்கலைக்கழகம் உருவானது. இன்று ஓமானின் உயர்கல்வியில் பெண்கள் ஆண்களுக்கு நிகராகவும், பல துறைகளில் அவர்களை விஞ்சியும் நிற்கிறார்கள். இரண்டு தலைமுறைகளில் ஒரு மக்களின் மரபணு மாறிவிடுவதில்லை. மாறியது பள்ளியின் வாசல் மட்டுமே.

சோஹாரிலும் வளைகுடாவின் மற்ற நகரங்களிலும் உழைக்கும் தமிழர்களுக்கு இந்தக் கதையின் ஒரு பகுதி பழக்கமானது. தன் படிப்பை இடையில் நிறுத்திக் கடல் கடந்து வந்த அண்ணனோ அக்காவோ அனுப்பும் பணத்தில், ஊரில் தம்பியும் தங்கையும் கல்லூரி செல்வது பல வீடுகளில் நடக்கிறது. அங்கே உடன்பிறந்தவர்களின் கல்வி வேறுபாட்டை அறிவின் வேறுபாடாக எடுத்துக்கொண்டால், கணக்கு தவறிவிடும். ஒருவரின் பட்டத்துக்குள் மற்றொருவரின் விடுபட்ட ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. பணம் குறையும்போது யாருடைய கட்டணம் முதலில் நிறுத்தப்படுகிறது, மகனுடையதா மகளுடையதா என்பதும் அந்த வீடுகளில் முடிவாகும் கேள்வியே.

எமிலி ரூட்டே 1924 பிப்ரவரி 29ஆம் திகதி ஜெர்மனியின் யேனா நகரில் தன் 79ஆவது வயதில் காலமானார். ஹாம்பர்க்கின் ஓல்ஸ்டோர்ஃப் கல்லறைத் தோட்டத்தில், கணவரின் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். மரணத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் சான்சிபார் அரச குடும்பம் அவருக்கு ஓய்வூதியம் வழங்க ஒப்புக்கொண்டது. அவருடைய சகோதரிகளில் பெரும்பாலோரைப் பற்றி இன்று அறியக் கிடைப்பது, அவர் எழுதி வைத்த பக்கங்களில் உள்ளவை மட்டுமே.